ஜார்ஜ்டவுன் கடைவீடு: விற்பதா, குத்தகைக்கு விடுவதா, நாமே வைத்துக்கொள்வதா?

மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில், கீழே கடையும் மேலே வீடுமாகத் தாத்தா காலத்தில் கட்டிய கடைவீடு ஒன்று இன்னும் குடும்பத்தின் பேரில் இருந்தால், அதைப் பற்றிய பேச்சு தீபாவளிக்குத் தீபாவளி வந்துகொண்டேதான் இருக்கும். ஒருவர் விற்றுவிடலாம் என்பார். ஒருவர், ஹோட்டல் நடத்துகிறவர் யாரோ கேட்டாராம், பதினைந்து வருடத்துக்குக் கொடுத்துவிடலாம் என்பார். நாமே எடுத்துக் கட்டி ஹோம்ஸ்டே போடலாம் என்று இளையவர்கள் சொல்வார்கள். தீவிலேயே இருக்கிற பிள்ளை மட்டும் அதிகம் பேசமாட்டார். மழை பிடித்தால் பக்கெட்டை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடுகிறவர் அவர்தான்.

இந்தக் கட்டுரை அவருக்காக. விற்பது, நீண்ட குத்தகைக்கு விடுவது, நாமே விடுதி நடத்துவது, கீழே கடைக்கு விட்டு மேலே குடும்பம் இருப்பது என்ற நான்கு வழிகளையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் ஒப்பிடப் போகிறேன்: இந்த வழியில் போனால், வீட்டுக்குள் வருகிற தண்ணீருக்கு யார் பொறுப்பு? விலை, வாடகை, வரி எல்லாம் அப்புறம். பழைய கடைவீட்டைக் கெடுப்பது வயது இல்லை, தண்ணீர். கூரையிலிருந்து இறங்குகிற தண்ணீர், தரையிலிருந்து ஏறுகிற தண்ணீர், குழாய் போட்டு நாமே உள்ளே கொண்டுவருகிற தண்ணீர். இந்த மூன்றுக்கும் பெயர் சொல்லி ஓர் ஆளைக் காட்ட முடியாத ஏற்பாடு, கையில் எவ்வளவு பணம் வந்தாலும், வீட்டுக்கு நல்லதல்ல.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 2008 ஜூலை 7-ஆம் தேதி ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஜார்ஜ்டவுனில் மையப் பகுதி சுமார் 109 ஹெக்டர். அதைச் சுற்றியுள்ள காப்புப் பகுதி சுமார் 150 ஹெக்டர். லெபோ பாசார், லெபோ குயின், லெபோ கிங் என்று நம் லிட்டில் இந்தியா மையப் பகுதிக்குள்ளேயே இருக்கிறது. 2016-இல் அரசிதழில் வெளியான சிறப்புப் பகுதித் திட்டம், இங்குள்ள பழைய கட்டடங்களை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. பள்ளிவாசல், கோயில், பழைய அரசாங்கக் கட்டடம் போன்ற பெரிய சின்னங்கள் முதல் வகை. கடைவீடுகள் பெரும்பாலும் இரண்டாம் வகை. இடித்துவிட்டு நாலு மாடி எழுப்பலாம் என்ற கனவு இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். முகப்பையோ கூரையையோ முற்றத்தையோ தொடுவதற்கு முன் மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும். உள்ளே புழங்குகிற விதத்தை மாற்றலாம், அதற்கும் விண்ணப்பம் உண்டு.

இன்னொரு சட்டம் இப்போது இல்லை, ஆனால் அதன் தழும்பு இன்னும் சுவர்களில் இருக்கிறது. 1948 ஜனவரி வரை கட்டப்பட்ட வீடுகளின் வாடகையை 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிடித்து வைத்திருந்தது. 1997-இல் அதை நீக்கும் சட்டம் வந்தது. 1999 கடைசியோடு இடைக்காலமும் முடிந்தது. அதுவரை, வருகிற சொற்ப வாடகையில் ஓடு மாற்ற எந்த உரிமையாளருக்கும் மனம் வரவில்லை. அதற்குப் பிறகு வாடகை ஏறியது, பல தலைமுறையாக மாடியில் இருந்த குடும்பங்கள் ஆயர் ஈத்தாமுக்கும் ஜெலுத்தோங்குக்கும் போய்விட்டன, மாடிகள் காலியாகின. காலி மாடிகள் சிலவற்றை உழவாரக் குருவி வளர்க்க விட்டார்கள். ஜன்னலை அடைத்து, உள்ளே எப்போதும் ஈரப்பதம் வைத்து, சமையலுக்கு விற்கிற கூட்டுக்காகக் குருவியைக் குடியேற்றுகிற தொழில் அது. பாரம்பரியப் பகுதியிலிருந்து 2013-க்குள் அதை அகற்றச் செய்தார்கள். உங்கள் வீட்டு மாடிச் சுவரில் செங்கல் வைத்து அடைத்த ஜன்னலோ, வரிசையாகச் சின்னச் சின்ன காற்றுக் குழாய் ஓட்டைகளோ இருந்தால், மரச் சட்டங்களை இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள்.

வீட்டைப் படிப்பது எப்படி

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னாலும் ஒரு காலைப் பொழுதை வீட்டுக்குள் செலவிடுங்கள். கையில் டார்ச் லைட், ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு பத்து சென் காசு இருந்தால் போதும்.

மாடிக்குப் போய்த் தலையைத் தூக்கிப் பாருங்கள். பழைய கூரை என்றால் மெல்லிய மண் ஓடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சொந்தக் கனத்திலேயே நிற்கும். பூனை ஓடினால்கூட ஒன்றிரண்டு நகரும். நகர்ந்த இடத்தில் புள்ளியாக வெளிச்சம் தெரியும். வெளிச்சம் வருகிற இடத்தில் மழையும் வரும். அந்தத் தண்ணீர் நேராகத் தரையில் சொட்டினால் பரவாயில்லை, நமக்குத் தெரிந்துவிடும். கைமரத்தின் வழியே ஓடி, இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவருக்குள் இறங்குவதுதான் ஆபத்து. மாடித் தரையைத் தாங்குகிற உத்தரங்கள் ஒரு பொதுச் சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குப் போகின்றன. அவற்றின் முனைகள் செங்கல்லுக்குள் புதைந்திருக்கின்றன. வெளியே செங்கால் என்கிற உள்ளூர்க் கடின மரம் இரும்பு மாதிரி நிற்கும், உள்ளே முனை மட்டும் பஞ்சாகிவிட்டிருக்கும். சுவரை ஒட்டிய இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால், அந்த உத்தரத்தைச் சரிசெய்யாமல் வேறு எந்த வேலையும் தொடங்கக் கூடாது.

கீழே வந்து சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். முழங்கால் உயரம் வரை பூச்சு உப்பி, வெள்ளையாகப் பொடி படிந்திருக்கும். மண்ணின் ஈரம் செங்கல் வழியாக ஏறி, உப்பை மேலே விட்டுவிட்டுக் காற்றில் உலர்ந்து போகிற இடம் அது. பத்து சென் காசால் சுரண்டுங்கள். மாவாக உதிர்ந்தால் பழைய சுண்ணாம்புப் பூச்சு. காசு வழுக்கிக்கொண்டு போனால் யாரோ சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் விடாது. போக வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறும். எங்கள் சொந்தக்காரர் வீட்டில் ஒரு கான்ட்ராக்டர் இடுப்பு உயரத்துக்குச் சிமெண்ட் பூசி, அதன்மேல் பளபளவென்று எண்ணெய்ச் சாயமும் அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கொஞ்ச காலத்தில் ஈரம் அந்த இடுப்புக் கோட்டையும் தாண்டி மின்சுவிட்ச் பலகை வரை ஏறிவிட்டது. எல்லாவற்றையும் கொத்தி எடுத்து, நீற்றிய சுண்ணாம்பால் மறுபடி பூச வேண்டியதாயிற்று. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துச் சுண்ணாம்பு பூசிய செட்டிநாட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு, அந்தப் பூச்சை ஏன் விடக் கூடாது என்று நான் சொல்லத் தேவையில்லை.

கடைசியாக, வீட்டின் நடுவில் உள்ள முற்றம். மழை உள்ளே விழட்டும், பள்ளத்தில் தேங்காமல் கால்வாய்க்குப் போகட்டும், அதே திறப்பு வழியாகச் சூடும் ஈரமும் மேலே ஏறிப் போகட்டும் என்று கட்டினார்கள். பிறகு வந்தவர்கள் அதை பிளாஸ்டிக் தகடு போட்டு மூடினார்கள். உங்கள் வீட்டு முற்றம் மூடியிருந்தால், சுவர் ஈரத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

விற்பது

விற்றால் தண்ணீர் வாங்கியவர் பொறுப்பு. சுத்தமான பதில். பினாங்கில் குடும்பத்தார் ஒருவர்கூட இல்லை, கூரைக்குப் போடப் பணமும் இல்லை, உடன்பிறந்தவர்கள் ஒரு மேசையில் உட்காரவும் முடியவில்லை என்றால், விற்பதுதான் நேர்மையான வழி. காலியாகப் பூட்டி வைத்த வீடு ஒவ்வொரு மழைக்கும் விலை இழக்கிறது.

ஆனால் அவசரப்படுவதற்கு முன் பங்கைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உயில் எழுதாமல் அப்பா இறந்திருந்தால், முஸ்லிம் அல்லாத குடும்பத்துக்கு 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. அப்பாவைப் பெற்றவர்கள் உயிரோடிருந்தால் கணக்கு மாறும். அம்மாவும் மூன்று பிள்ளைகளும் என்றால் பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஒன்பதில் இரண்டு. விலை பெரிதாகத் தெரியும். கடனும் வழக்கறிஞர் செலவும் போய்ப் பிரித்தபின் அதே தெருவில் ஒரு மூலையைக்கூட அந்தத் தொகையில் யாராலும் திரும்ப வாங்க முடியாது. முஸ்லிம் குடும்பங்களுக்கு ஃபராயிட் என்ற இஸ்லாமிய வாரிசுப் பங்கீடு. அங்கே பங்காளிகளின் எண்ணிக்கை இன்னும் கூடலாம். நில ஆதாய வரி, மலேசியக் குடிமக்களுக்கு வாங்கிய ஆறாம் ஆண்டிலிருந்து கிடையாது. முதல் மூன்று ஆண்டுகளுக்குள் விற்றால் ஆதாயத்தில் 30 விழுக்காடு. வாரிசாக வந்த சொத்தில் எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பதை வழக்கறிஞரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருந்து, வீடு அவர்கள் பேரில் இருந்தால் இன்னொரு விஷயம். பெற்றோர் பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கும்போது முத்திரை வரியில் முதல் 10 லட்சம் ரிங்கிட் மதிப்பு வரை முழு விலக்கு உண்டு. அதற்கு மேல் பாதி. அண்ணன் பங்கைத் தம்பி வாங்கும்போது அந்தச் சலுகை இல்லை. பேச்சை அவர்கள் இருக்கும்போதே முடித்துக்கொள்வது நல்லது என்பதற்குப் பாசம் தவிர இதுவும் ஒரு காரணம்.

எடுத்து நடத்துகிறவருக்கு நீண்ட குத்தகை

இதுதான் இன்று அதிகம் வருகிற பேரம். ஒரு நிறுவனம் வருகிறது. "வீட்டை நாங்களே எங்கள் செலவில் புதுப்பித்துக்கொள்கிறோம், பதினைந்து வருடம் கொடுங்கள், முதல் வருடம் வாடகை வேண்டாம் என்று விடுங்கள்" என்கிறது. கேட்கும்போது இனிக்கிறது. கைக்காசு போடாமல் வீடு புதுசாகிவிடும்.

இங்கே தண்ணீர்க் கேள்வியைக் கேளுங்கள். அவர்கள் புதுப்பிப்பது விருந்தினர் விடுதிக்காக. ஒவ்வோர் அறைக்கும் ஒரு குளியலறை வேண்டும். மாடி முழுவதும் மரத் தரை. பழைய வீட்டில் குளியலும் சமையலும் கீழே, பின்பக்கத்தில்தான் இருந்தன. மர மாடிக்குத் தண்ணீர் ஏறியதே இல்லை. இப்போது ஐந்து ஷவர் அந்த மரத்தின்மேல் உட்காரப் போகிறது. நன்றாகச் செய்தால் தாங்கும். அடியில் நீர்த்தடுப்பு போட்டு, குழாய்களைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி விட்டு, எல்லாக் குளியலறையையும் பின்பக்கமே அடுக்கினால் சரி. மலிவாகச் செய்தால், பத்தாவது வருடம் உத்தரம் கறுத்துப் போயிருப்பது ஜிப்சம் கூரைத் தட்டுக்கு மேலே ஒளிந்திருக்கும். பதினைந்தாவது வருடம் சாவியைத் திரும்ப வாங்கும்போதுதான் உங்களுக்குத் தெரியும்.

இரண்டாவது விஷயம், தொழில் படுத்துவிட்டால்? 2020 மார்ச் 18-இல் கோவிட் காரணமாக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது சுற்றுப்பயணிகளை நம்பியிருந்த ஜார்ஜ்டவுன் விடுதிகள் எப்படி வெறிச்சோடின என்று பார்த்தோம். குத்தகைக்காரர் கைவிட்டுப் போனால், பாதி மாற்றிய வீடும் தண்ணீரும் அன்றே உங்கள் தலையில்.

மூன்றாவது, காலம். தேசிய நிலச் சட்டப்படி மூன்று ஆண்டுக்கு உட்பட்ட வாடகை ஒப்பந்தத்தை நில அலுவலகத்தில் பதிய வேண்டியதில்லை. அதற்கு மேல் போனால் அது குத்தகை, பதிய வேண்டும். பதிந்த குத்தகை நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும்; நடுவில் நீங்கள் வீட்டை விற்றாலும் அது போகாது. எடுத்துக்காட்டுக்கு, மாதம் 4,000 ரிங்கிட் என்று பதினைந்து வருடத்துக்கும் ஒரே தொகையாகக் கட்டிப்போட்டால், கடைசி வருடங்களில் அந்த 4,000-க்கு என்ன வாங்க முடியும் என்று யோசியுங்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வாடகை ஏறும் என்று எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

குடும்பம் முழுக்க கோலாலம்பூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறது, விற்கவும் மனமில்லை என்றால் இந்த வழி சரிதான். அப்போது ஒப்பந்தத்தில் நான் கட்டாயம் கேட்பவை: புதுப்பிக்கும் வரைபடத்தை மாநகர் மன்றத்துக்கு அனுப்பும் முன் நாம் பார்க்க வேண்டும், பாரம்பரியக் கட்டடங்களில் கைபழகிய கட்டடக்கலைஞர் ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும், சிமெண்ட் பூச்சு கூடாது, முற்றம் திறந்தே இருக்க வேண்டும், வருடத்துக்கு இரண்டு முறை நம் ஆள் கூரையில் ஏறிப் பார்க்க உரிமை வேண்டும், தொழில் நின்றால் வீட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒரு வைப்புத்தொகை வேண்டும். இதற்கெல்லாம் முகம் சுளிக்கிறவருக்கு வீட்டைக் கொடுக்காதீர்கள்.

நாமே விடுதி நடத்துவது

நீண்ட நேரம் இதில் நிற்க எனக்கு விருப்பமில்லை. பயன்பாட்டு மாற்ற அனுமதி, தீயணைப்புத் துறையின் ஒப்புதல், உரிமம், நாள்தோறும் படுக்கை விரிப்பு, இரவில் சாவியைத் தொலைத்த விருந்தினர். இது வீடு வைத்திருப்பது இல்லை, ஹோட்டல் தொழில். அந்தத் தொழில் தெரிந்த ஒருவர் குடும்பத்தில் முழுநேரமாக இறங்கத் தயார் என்றால் மட்டும் பேசுங்கள். மேலே சொன்ன குளியலறைத் தண்ணீர் இங்கேயும் அப்படியே இருக்கிறது, ஆனால் அது உங்கள் பொறுப்பு.

கீழே கடை, மேலே குடும்பம், வேலை மெல்ல மெல்ல

நான் விரும்புவது இதைத்தான். ஒரே மூச்சில் புதுப்பிக்கும் பணம் எல்லாக் குடும்பத்திலும் இல்லை, தேவையும் இல்லை. கீழே ஒரு கடைக்கு மூன்று வருட ஒப்பந்தத்தில் வாடகைக்கு விட்டு, அந்த வாடகையை வீட்டுக்கே போட்டு, மேலே குடும்பத்தில் ஒருவரோ நம்பிக்கையான ஒரு குடியிருப்பாளரோ இருந்தபடி, வருடத்துக்கு ஒரு வேலையாக முடிப்பது.

எந்தக் கடைக்கு விடுவது என்பதில் வாடகைத் தொகையை மட்டும் பார்க்கக் கூடாது. நாசி கண்டார் கடையோ வாழையிலைச் சாப்பாட்டுக் கடையோ அதிக வாடகை தரலாம். ஆனால் இரவில் தரை முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள். எண்ணெய் கால்வாயில் உறையும். புகைக்குழாய் முற்றத்தின் வழியாக மேலே போகும். மாடியில் யாரும் ஜன்னலைத் திறந்து தூங்க முடியாது. துணிக்கடை, பாத்திரக்கடை, பூஜைச் சாமான் கடை, மளிகை ஆகியவை கொஞ்சம் குறைவாகத் தந்தாலும் வீட்டுக்கு நல்ல கூட்டாளிகள். சேலைக் கடைக்காரர் ஒரு சொட்டு விழுந்தாலே உடனே போன் செய்வார், ஏனென்றால் நனைவது அவர் சரக்கு. அவரைவிட நல்ல கூரைக் காவலாளி கிடையாது. கடைக்கு முன்னால் கூரையோடு ஓடுகிற நடைவழியான அஞ்சடியில் சரக்கு அடுக்கி மறிக்கக் கூடாது என்பதை மட்டும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

வேலையின் வரிசையும் முக்கியம். பெரும்பாலோர் முகப்புக்குச் சாயம் அடிப்பதில் தொடங்குகிறார்கள், ஏனென்றால் அதுதான் படத்தில் தெரியும். முதலில் ஓடு, தாங்கு சட்டம், முற்றத்து மழைக்காடி. அடுத்து உத்தர முனைகள். பிறகு கால்வாய், பின்சந்துக்குப் போகும் குழாய். அதற்குப் பிறகு சிமெண்டைக் கொத்தி எடுத்துச் சுவரைச் சில மாதம் வெறுமனே உலர விடுவது. இந்த இடத்தில் பொறுமை இழக்காதீர்கள். ஈரச் சுவரில் பூசிய எதுவும் நிற்காது. மின்சாரம், தரை, கதவு எல்லாம் அதற்குப் பின்னால். சாயம் கடைசி, அதுவும் சுவர் மூச்சுவிடுகிற சுண்ணாம்பு வகைச் சாயம். அனுமதிக்கு விண்ணப்பிக்கும் முன் ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நிறுவனத்தாரிடம் போய் ஒரு முறை பேசுங்கள். 2009-இலிருந்து திங்க் சிட்டி என்ற நகர மேம்பாட்டு நிறுவனம் கொடுத்த மானியத்தால் இந்தத் தெருக்களில் பல கட்டடங்கள் எழுந்து நின்றன. ஆனாலும் மானியம் கையில் வராதவரை அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இந்த வழியின் கஷ்டத்தையும் மறைக்கக் கூடாது. வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. மாடிப் படி செங்குத்து. முட்டிவலி உள்ள பெரியவர்களுக்கு அது தண்டனை. தீபாவளி மாதம் முழுக்கப் பாட்டுச் சத்தம் ஜன்னலுக்குள் வரும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் தீவே தத்தளித்த மழை மாதிரி ஒன்று வந்தால் கீழ்த்தளப் பொருளைத் தூக்கி வைக்க ஆள் வேண்டும். இவ்வளவும் தெரிந்தே சொல்கிறேன்: மாடியில் ஆள் இருக்கிற வீடு கெட்டுப்போவதில்லை, ஏனென்றால் ஒழுகிய அன்றே யாரோ பார்க்கிறார்கள். தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் லெபோ பினாங்கு கோயில் வீட்டிலிருந்து புறப்படும்போது, வழியில் தட்டோடும் தேங்காயோடும் நிற்பதற்கு அந்தத் தெருக்காரர்கள் இருக்க வேண்டும். கடைக்காரர்களும் சுற்றுப்பயணிகளும் மட்டும் மிஞ்சினால் அது நம் தெருவாக இருக்காது.

ஒரு எச்சரிக்கை. பல குடும்பங்கள் "எங்கள் வீடு" என்று சொல்வது உண்மையில் வக்ஃபு நிலமாகவோ, இந்து அறப்பணி வாரியத்தின் சொத்தாகவோ, கொங்சி என்கிற சீனக் குலச் சங்கத்தின் சொத்தாகவோ இருக்கும்; மூன்று தலைமுறை வாடகை கட்டியதில் சொந்தம் என்ற நினைப்பு வந்துவிட்டிருக்கும். நிலப்பட்டாவை எடுத்துப் பாருங்கள். வாடகைக்காரர் என்றால், வாடகையில் கழித்துக்கொள்வோம் என்று எழுத்தில் வாங்காமல் கூரைக்கு ஒரு காசும் போடாதீர்கள்.

ஆக என் வரிசை இது: பினாங்கில் ஒரு பிள்ளையாவது இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், கீழே உலர்ந்த சரக்குக் கடைக்கு விடுங்கள். யாருமே இல்லையென்றால், மேலே சொன்ன நிபந்தனைகளோடு குத்தகை. அதுவும் படியவில்லையென்றால் விற்பனை, அதையும் முடிந்தால் கூரையைச் சரிசெய்த பிறகு. மேலே பார்த்தால் வானம் தெரிகிற வீட்டுக்கு வாங்குகிறவர் தன் இஷ்டத்துக்கு விலை சொல்வார்.

எந்த முடிவாக இருந்தாலும் ஓட்டு வேலை பொது. பினாங்கில் செப்டம்பர், அக்டோபரில்தான் மழை அதிகம். ஜனவரி, பிப்ரவரி வறண்ட மாதங்கள். தைப்பூசம் முடிந்த கையோடு ஓடு வேய்கிறவரைக் கூப்பிட்டுவிடுங்கள். நல்ல ஆட்கள் கொஞ்சப் பேர்தான் இருக்கிறார்கள், அந்த இரண்டு மாதமும் எல்லோரும் அவர்களைத்தான் தேடுவார்கள். அதனால் தீபாவளிப் பேச்சிலேயே ஓட்டுச் செலவுக்கு யார் யார் எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள். விற்பதா வைப்பதா என்பதை அடுத்த வருடம்கூடப் பேசிக்கொள்ளலாம்.